பாதி சொன்ன பாடம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறார். அம்மா பல ஆண்டுகள் விடியற்காலையில் ஜீப் ஏறி, குமுளி மலை தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போய் வந்தவள். இப்படிப்பட்ட வீட்டில் படிக்கிற பிள்ளை ஒரு சொல் சொன்னால் அதற்கு எத்தனை எடை இருக்கிறது! அதை நான் உணர்ந்த கதையை என் சக மாணவர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

அம்மாவுக்குச் சிறு வயதில் தொண்டைப் புண்ணும், அதைத் தொடர்ந்து மூட்டு வீக்கமும் வந்து போயினவாம். யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. தொண்டையைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் சிலருக்கு வாதக் காய்ச்சல் வரும். அது இதய வால்வைக் கெடுத்துவிடும். நாற்பது வயதில் ஏலக்காட்டு ஏற்றத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. பழுதான மைட்ரல் வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு பொருத்தினார்கள். ஊர் அடங்கிய பிறகு அம்மாவின் அருகில் படுத்தால், கடிகாரம் போல 'டிக் டிக்' என்று அந்த வால்வின் ஓசை கேட்கும்.

செயற்கை வால்வில் இரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. உறைந்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்விலேயே சிக்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட வேண்டும். அளவு சரியாக இருக்கிறதா என்று ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையால் அறிகிறார்கள். இம்மாத்திரை சாப்பிடாத நமக்கெல்லாம் அது ஏறக்குறைய 1 இருக்கும். அம்மாவுக்கு 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். குறைந்தால் உறையும், மிகுந்தால் இரத்தக் கசிவு ஏற்படும்.

சென்ற ஆண்டு வகுப்பில் இரத்தம் உறைதல் பற்றிய பாடம் வந்தது. ஆர்வத்தில் நூலகத்திலும் தேடிப் படித்தேன். 1920களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் செத்தன. 1933இல் ஒரு விவசாயி, செத்த பசுவையும் ஒரு கேன் நிறைய உறையாத இரத்தத்தையும் எடுத்துக்கொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே கார்ல் லிங்க் என்னும் விஞ்ஞானி பல ஆண்டுகள் உழைத்து அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார். அந்த வழியில் பிறந்த வார்ஃபரின், 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954இல்தான் மனிதர்களுக்கு மருந்தாயிற்று.

பொங்கல் விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் என் அறிவைக் காட்டிக்கொள்ள வேண்டாமா?

"அம்மா, நீ தினம் திங்கிற மாத்திரை என்ன தெரியுமா? எலி மருந்து!" என்றேன் சிரித்துக்கொண்டே.

"அப்படியா தம்பி?" என்றாள். அவ்வளவுதான். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

அடுத்த பரிசோதனையில் ஐ.என்.ஆர். 1.4. மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அதற்கடுத்த முறை 1.2! மீண்டும் கூட்டினார். சிலருக்கு இம்மருந்து எளிதில் வேலை செய்யாது என்றும், அதை வார்ஃபரின் எதிர்ப்பு என்பார்கள் என்றும் சொன்னார். முருங்கைக் கீரை நிறைய உண்டா, காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறாரா என்றெல்லாம் விசாரித்தார். கீரையில் வைட்டமின் கே மிகுதி. கல்லீரல் அதைக் கொண்டுதான் இரத்தம் உறையச் செய்யும் புரதங்களை முழுமையாக்குகிறது; வார்ஃபரின் அந்த வேலையைத்தான் தடுக்கிறது. ஆகவே கீரை திடீரெனக் கூடினால் மருந்தின் வேகம் குறையும். அதற்காகக் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும்.

நான் மறுபடியும் புத்தகத்தைப் பிரித்தேன். 1958இல் ஸ்காட்லாந்தில் வார்ஃபரினுக்கு அசையாத எலிகளைக் கண்டார்களாம். 2004இல் அதற்குரிய மரபணுவையும் கண்டுபிடித்துவிட்டார்கள். மனிதரிலும் அப்படிச் சிலர் உண்டு. அம்மாவும் அந்த அபூர்வப் பிறவிகளில் ஒருத்தி என்றே முடிவு கட்டிவிட்டேன்!

மூன்றாம் முறை போனபோது மருத்துவர் என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, மாத்திரையை அம்மா விழுங்குறதை நீ கண்ணால பார்த்தியா?"

எனக்குக் கோபமே வந்தது. "நான்தான் சார் தினமும் கையில குடுக்குறேன்."

"நான் அதைக் கேக்கலை. மறுபடி அளவைக் கூட்டுறதுக்கு முன்னால இதைப் பார்த்துட்டு வா."

கையில் வாங்கியதும் தண்ணீர் குடிக்க அம்மா அடுப்படிக்குப் போவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று மாலை தேடினேன். கடுகு டப்பாவுக்குப் பின்னால் ஒரு சிறிய தகர டப்பா. அதில் இருபத்து மூன்று நாள் மாத்திரைகள்! என் கை நடுங்கியது.

"ஏம்மா இப்படிச் செஞ்சே?"

"நீதானப்பா எலி மருந்துன்னு சொன்னே. நீ படிச்சவன், சரியாத்தான் சொல்லுவேன்னு நினைச்சேன். உன் மனசு நோகக் கூடாதுன்னு வாங்கி வச்சேன். தூக்கி எறியவும் மனசு வரலை."

மறுநாள் காலையிலேயே அம்மாவையும் அந்த டப்பாவையும் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் திட்டவில்லை. "நல்ல வேளை! கூட்டின அளவை அம்மா திடீர்னு ஒழுங்காச் சாப்பிட ஆரம்பிச்சிருந்தா இரத்தம் கசிஞ்சிருக்கும்" என்றார். பழைய அளவையே மறுபடி எழுதிக் கொடுத்து, ஐ.என்.ஆர். ஏறும் வரை சில நாட்களுக்கு ஹெப்பாரின் ஊசியும் போடச் சொன்னார்.

அன்றிரவு அம்மாவிடம் நிதானமாகச் சொன்னேன். "முல்லைப் பெரியாறு தண்ணி வாய்க்கால்ல அளவா வந்தாத்தானேம்மா நெல்லு விளையும்? வராட்டி வயல் காயும், ரொம்ப வந்தா கரை உடையும். இந்த மருந்தும் அப்படித்தான். எலிக்குக் கரையை உடைக்கிற அளவுக்கு வைக்கிறாங்க. உனக்கு அளந்து விடுறாங்க. அந்த அளவைப் பார்க்கத்தான் இரத்தம் எடுக்குறாங்க."

"இதை மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அம்மா. என் எதிரிலேயே மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

அடுத்த மாதம் ஐ.என்.ஆர். 2.8.

மருந்துக்கு அசையாத மரபணு அரிது. மாத்திரை வயிற்றுக்குள் போகாமல் இருப்பதுதான் அதிகம். அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பயமோ, ஒரு மறதியோ, யாரோ பாதி சொன்ன ஒரு சொல்லோ இருக்கும். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னவன் நான்.

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். நாம் தேர்வில் பாதி விடை எழுதினால் பாதி மதிப்பெண்தான் போகும். வீட்டில் பாதி சொன்னால் போவது அதுவன்று. படித்ததைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். ஆனால் முழுவதையும் சொல்லுங்கள், அவர்களுக்குப் புரிகிற சொல்லில் சொல்லுங்கள்.

இப்போதும் விடுமுறைக்குப் போனால் அம்மாவின் அருகில்தான் படுக்கிறேன். 'டிக் டிக்' என்று கேட்கிறது. நிம்மதியாகத் தூங்குகிறேன்.