முள்ளுக்கு எந்த டயர்?

திருச்சுழிப் பக்கம் தண்ணீர் வண்டி செய்யக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு. வெல்டிங் பட்டறையில் சட்டத்தையும் கைப்பிடியையும் பற்றி அரைமணி நேரம் பேசுகிறோம். சக்கரம் மட்டும் 'இருக்கிறதை மாட்டுங்கண்ணே'!

முதலில் எடை. 15 லிட்டர் குடம் எட்டு ஏற்றினால் தண்ணீர் மட்டுமே 120 கிலோ. சைக்கிள் சக்கரம் நேர்ப் பாரத்தைத் தாங்கும். திருப்பத்தில் பக்கவாட்டாக இழுபட்டால் கோணிக்கொள்ளும்.

என் ஓட்டு ஸ்கூட்டர் சக்கரத்துக்கு. அளவு 3.50-10. அதோடு 51 என்று அச்சிட்டிருந்தால், உரிய காற்றழுத்தத்தில் ஒரு டயர் 195 கிலோ தாங்கும். பழைய ஸ்கூட்டர் ரிம் இரண்டாகக் கழலும் என்பதால் டியூபை எடுப்பது சுலபம்.

நம்மூரில் பஞ்சர் என்றாலே சீமைக்கருவேல முள்தான். கட்டி ரப்பர் சக்கரம் முள்ளுக்கு அஞ்சாது. ஆனால் கல்லில் ஏறும் அதிர்ச்சி அப்படியே அச்சுக்குப் போகும். தெருக்குழாய்க்குப் போய்வர அது போதும். கண்மாய்க்கரை, காட்டுப்பாதை என்றால் காற்று டயர்தான்.

ஐப்பசி மழையில் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடச் சொல்லுங்கள். ஒல்லி டயர் ஈரக் கரிசலில் புதையும். அகலமானது மேலாகப் போகும்.

பழைய டயர் வாங்கினால் பட்டனை மட்டும் பார்க்காதீர்கள். வெயிலில் பக்கச்சுவர் வெடித்திருக்கிறதா பாருங்கள். அங்கே நாலு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது.