ஐரோப்பாவுக்கு நாங்கள் போட்ட பட்டியல்

போன செமஸ்டரில் எங்கட நாலு பேருக்கும் கிடைச்ச குழு வேலை இது: ஐரோப்பாவின் சரக்கை லொறியிலிருந்து ரயிலுக்கும் படகுக்கும் மாற்ற வேண்டுமென்றால் எவற்றை முதலில் ஆராய வேண்டும்? ஐந்து விடயங்கள் மட்டும், வரிசைப்படி. வாசிச்சதும் நாங்கள் சிரிச்சிட்டம். கடவுச்சீட்டே இல்லாத நாலு பேர் ஐரோப்பாவுக்குத் திட்டம் போடப் போறம். விஞ்ஞான பீட நண்பன் ஒருவன் “கலைப்பீடத்துக்கு ஏன் உந்த வேலை?” என்று கேட்டதும்தான் ரோசம் வந்தது.

முதல் கிழமை முழுக்க வாசிச்சம். கொள்கலனுக்குள் இருக்கும் சாமானைத் தொடாமல், கொள்கலனையே கப்பலிலிருந்து ரயிலுக்கும் ரயிலிலிருந்து லொறிக்கும் மாற்றி அனுப்புவதுதான் அடிப்படை. நீண்ட தூரத்தை ரயிலோ ஆற்றுப் படகோ பார்த்துக்கொள்ளும். கடைசித் துண்டுக்கு மட்டும் லொறி. புகையும் குறையும், நெரிசலும் குறையும்.

இது புது யோசனை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1992இலேயே இதற்கு விதி கொண்டுவந்தது. 300 கி.மீ.க்கு மேல் வீதியால் போகும் சரக்கில் 30 சதவீதத்தை 2030க்குள் மாற்றுவோம் என்று 2011 வெள்ளை அறிக்கை சொன்னது. ஆனால் 2019 பசுமை ஒப்பந்த ஆவணத்தைப் பார்த்தால், உள்நாட்டுச் சரக்கில் 75 சதவீதம் இன்னும் றோட்டிலதான் போகுது. 2023இல் ஒன்றியத்தின் கணக்காய்வு மன்றமும், சரக்கை வீதியிலிருந்து எடுக்கும் இலக்கு இன்னும் வெகுதூரத்தில் என்று அறிக்கை வெளியிட்டது.

முப்பது வருசமா ஏன் நடக்கேல்ல? அங்கதான் எங்கட சண்டை தொடங்கினது.

ஒருத்தி கொக்கியைப் பிடிச்சாள். ஐரோப்பாவில் சரக்கு ரயில் பெட்டிகளை இன்றைக்கும் பெரும்பாலும் ஒரு மனிதர் இரண்டு பெட்டிக்கு நடுவில் நின்று, கனமான கொக்கியை மாட்டி, திருகி இறுக்கித்தான் இணைக்கிறார். மழையிலும் பனியிலும் அதுதான் வேலை. அமெரிக்கா தானியங்கி இணைப்பிக்கு 1893இலேயே சட்டம் போட்டது. ஐரோப்பா இப்பதான் டிஜிட்டல் இணைப்பியைப் பரிசோதிக்குது. புதியது பழையதோடு இலகுவில் சேராது. ஆகவே எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் மாற வேண்டும். செலவு ஆருடையது?

இன்னொருவன் எல்லைகளைப் பற்றிக் கதைச்சான். ஸ்பெயினின் பழைய தண்டவாள அகலம் 1668 மி.மீ., பக்கத்து பிரான்சில் 1435. ஜேர்மனியில் ரயிலுக்கு ஒரு மின்முறை, இத்தாலியில் வேறொன்று. லொறிக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை.

மூன்றாவது ஆள் கேட்டது: ஒரு வழி உடைஞ்சால் மாற்று என்ன? 2017 ஆகஸ்ற்றில் ஜேர்மனியின் றாஸ்ராட்டில் சுரங்கம் தோண்டும்போது மேலே இருந்த தண்டவாளம் தாழ்ந்துபோய், றைன் பள்ளத்தாக்கின் முக்கிய ரயில்பாதை ஏழு கிழமை மூடிக்கிடந்தது. 2023 ஆகஸ்ற்றில் சுவிசின் 57 கி.மீ. நீளமான கொத்தாட் சுரங்கத்தில் சில்லு உடைந்து சரக்கு ரயில் தடம்புரண்டது. முழுதாகத் திறக்க 2024 செப்ரெம்பர் ஆனது. 2018இலும் 2022இலும் றைன் நதி வத்தி, படகுகள் முழுச்சுமை ஏற்ற முடியாமல் ஓடின.

நாலாவது ஆளுக்கு எல்லாமே விலைதான். சுவிஸ் மக்கள் 1994இல் வாக்களித்து, மலை கடக்கும் சரக்கை ரயிலுக்கு மாற்றச் சொன்னார்கள். 2001இலிருந்து பார லொறிகளுக்கு நிறை, தூரம், புகை பார்த்துக் கட்டணம். இன்று அந்த நாட்டுக்குள்ளால் அல்ப்ஸைக் கடக்கும் சரக்கில் பெரும்பகுதி ரயிலில் போகுது. ஆனாலும் வருசத்துக்கு 650,000 லொறிகள் என்ற இலக்கை அவர்களாலும் எட்ட முடியவில்லை.

ஆக கொக்கி, எல்லை, மாற்றுவழி, விலை. ஐந்தாவதாக மின் லொறியைப் போட்டு முடிச்சம்.

எங்களில் ஒருத்தியின் மாமா சுவிசில லொறி ஓடுறவர். அவரிட்ட கேட்க எங்களுக்குக் கூச்சம். எங்கட திட்டம் நடந்தால் அவரின்ர வேலைதானே போகும் என்று நினைச்சம். கடைசியில் பட்டியலை அனுப்பினம். அடுத்த நாள் குரல் பதிவு வந்தது.

“பிள்ளையள், நான் முந்தி தூர ஓட்டம். கிழமையில நாலு இரவு லொறிக்குள்ளதான் நித்திரை. இப்ப ரயிலில வாற கொண்டெய்னரை எடுத்துக்கொண்டு போய் பக்கத்து ஊர் ஸ்ரோர்களில இறக்கிறன். பின்னேரம் வீட்ட வந்து மகளோட சாப்பிடுறன். எனக்கு இதுதான் நல்லம். ஆனா ரயில் பிந்தினா எப்ப வருமெண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம். மூண்டு மணித்தியாலம் சும்மா நிப்பன். அது உங்கட லிஸ்ற்றில எங்க கிடக்கு?”

எங்கயும் இல்லை. அவரின்ர வேலையைப் பறிக்கிறம் என்று பயந்தமே தவிர, அந்த வேலை எப்படியிருக்கு என்று நாங்கள் கேட்கவே இல்லை.

திரும்பவும் இருந்து யோசிச்சம். ரயில் எங்கே நிற்குது என்ற தகவல் இல்லாமலில்லை. தண்டவாளத்தைப் பராமரிப்பவர், ரயிலை ஓட்டும் கொம்பனி, கொள்கலன் முனையம், லொறிக் கொம்பனி என்று துண்டு துண்டாகக் கிடக்கு. போட்டியாளரின் கையில் போய்விடும் என்ற பயத்தில் பகிரத் தயங்குவார்கள். சாமான் எப்ப வரும் என்று தெரியாத வியாபாரி அடுத்தமுறை நேரே லொறிக்குத்தான் போவார். இது இயந்திரப் பிரச்சினை மட்டுமில்லை. நம்பிக்கை, சட்டம், அதிகாரம் எல்லாம் சேர்ந்தது. விஞ்ஞான பீட நண்பனுக்கு அன்றைக்குப் பதில் கிடைச்சிட்டுது.

மின் லொறியை வெட்டிப்போட்டு, வருகை நேரத் தகவலை முதலாவதாக்கினம். கொக்கிக்காரி ஒத்துக்கொள்ளவில்லை. “உங்கட மாமா மூண்டு மணித்தியாலம் நிக்கிறார், சரி. பெட்டிக்கு நடுவில நிக்கிற மனிசன் நசிபட்டால் செத்துப்போவான். ரெண்டும் ஒண்டா?” என்றாள். ஒருத்தருக்கும் வாய் வரேல்ல.

கடைசியில் இரண்டையும் முதலாவதாகப் போட்டுக் கொடுத்தம். “வரிசை கேட்டேன், நீங்கள் தப்பிவிட்டீர்கள்” என்று விரிவுரையாளர் புள்ளி குறைச்சார். அதுவும் நியாயம்தான். காசு ஒன்றுக்குத்தான் என்றால் ஒன்றைத்தான் தெரிய வேணும். செமஸ்டர் முடிஞ்சும் கன்ரீனில் இந்தச் சண்டை முடியவில்லை. இப்பவும் இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது ஆளாக நீங்கள் வந்தால் எந்தப் பக்கம்?