இறந்த காலமும் நிகழ்காலமும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர்கள் அம்மொழியின் எழுத்துக்கூட்டலைக் கண்டு அஞ்சுவர். காலத்தை மட்டும் எளிதென எண்ணிவிடுவர். நேற்று நடந்தது இறந்த காலம், இன்று நடப்பது நிகழ்காலம். இதில் ஐயம் எங்கிருந்து வரும் என்பது அவர்கள் எண்ணம். பல்லாண்டுகள் ஆங்கில ஆசிரியனாகப் பணியாற்றிய எனக்கோ, அம்மொழியில் இதனினும் நுட்பமான இடம் வேறில்லை என்றே தோன்றுகிறது.

தமிழ் வினை மூன்று காலங்களையும் தன் உருவிலேயே காட்டும். செய்தான், செய்கின்றான், செய்வான் என்பவற்றில் காலங்காட்டும் இடைநிலை சொல்லுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. ஆங்கில வினை தன் வடிவத்தால் காட்டும் காலங்களோ இரண்டே. எதிர்காலத்தை 'வில்', 'ஷல்' போன்ற துணைவினைகளைக் கொண்டு அது சொல்லிக்கொள்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் எழுதுவோன் பெரும்பாலான வாக்கியங்களில் இறப்பு, நிகழ்வு என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். அத்தேர்வை எப்பொழுதும் கடிகாரம் செய்து தருவதில்லை.

செய்தித்தாளை எடுத்துப் பாருங்கள். நேற்று அமைச்சர் ஒருவர் பாலம் ஒன்றைத் திறந்து வைத்தார் எனக் கொள்வோம். ஆங்கிலத் தாளின் தலைப்பு, 'அமைச்சர் பாலம் திறக்கிறார்' என நிகழ்காலத்தில் நிற்கும். அதன் கீழுள்ள செய்தியோ, 'திறந்தார்' என இறந்த காலத்தில் நடக்கும். ஒரே நிகழ்ச்சி, இரண்டு விரற்கடை இடைவெளியில் இரண்டு காலங்கள். தலைப்பு நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று நிகழ்ச்சியின்முன் நிறுத்துகிறது. செய்தி நடந்ததைக் கணக்கெழுதுகிறது. ஷேக்ஸ்பியர் 1616ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் 'ஹாம்லெட்' நாடகத்தை 'எழுதினார்' என்பர். ஆனால் அந்நாடகத்தில் திரைக்குப் பின் ஒளிந்திருக்கும் பொலோனியஸை ஹாம்லெட் 'கொல்கிறான்' என்றே திறனாய்வாளர் எழுதுவர். நூலைத் திறக்குந்தோறும் அவன் வாள் புதிதாகப் பாய்கிறதன்றோ?

பிறர் கூற்றை எடுத்துரைக்கும் இடம் இன்னும் நுட்பமானது. பூமி ஞாயிற்றைச் சுற்றுகிறது என்று ஆசிரியர் கூறினார் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது, 'கூறினார்' என்பதைப் பின்பற்றிச் 'சுற்றுகிறது' என்பதும் இறந்த காலமாக மாறலாம், மாறாமலும் இருக்கலாம். என்றும் உள்ள உண்மையாதலின் நிகழ்காலம் நன்கு பொருந்தும். ஆனால் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி, ஞாயிறே பூமியைச் சுற்றுகிறது என்று கருதினார் என எழுதப் புகுந்தால், அங்கே இறந்த காலத்தை இடுவதே தக்கது. நிகழ்காலத்தை இட்டால், எழுதுவோனும் அக்கொள்கை உடையவன் போலும் என்று படிப்போர் ஐயுறுவர்.

ஆங்கிலேயர் பணிவாக ஒன்று கேட்கும்போது, 'தங்களைக் கேட்க விரும்பினேன்' என்பர். அவ்விருப்பம் நேற்றையது அன்று. நம் எதிரில் நிற்கும் அந்நேரத்திலேயே உள்ளது. அதனைச் சற்றுப் பின்னே தள்ளிவைத்தால் வேண்டுகோளின் முனை மழுங்குகிறது. இல்லாத செல்வத்தை இருப்பதாகக் கற்பனை செய்து பேசும்போதும் அவர்கள் இறந்த கால வினையையே ஆளுவர். நம் 'இருந்தால்' என்னும் சொல்லிலும் அக்கால உருவே ஒளிந்திருப்பதைக் காண்க. முன்னே நடந்ததை மட்டுமன்றி, பேசுவோன் தன்னிடமிருந்து அகற்றி வைத்ததையும் இறந்த காலம் காட்டும் போலும்.

நம் இலக்கண ஆசிரியர்கள் இவற்றை அறியாதவர் அல்லர். உண்டுகொண்டிருப்பவனை வாயிலில் நிற்பவன் அழைத்தால், இலையில் சோறு இருக்கும்போதே 'வந்துவிட்டேன்' என்று அவன் குரல் கொடுக்கிறான். விரைவு காரணமாகக் காலம் இவ்வாறு மாறுவதை நன்னூலார் வழுவமைதியாக ஏற்றுக்கொள்கிறார்.

ஆயினும் ஓரிடத்தில் இரு மொழிகளும் பிரிகின்றன. 'அவர் ஆசிரியர்' என்னும் தமிழ்த் தொடரில் வினைச்சொல்லே இல்லை. காலமும் வெளிப்படையாக இல்லை. அவர் இன்று பள்ளியில் இருப்பவரா, ஓய்வு பெற்றவரா, மறைந்தவரா என்பது இடம் நோக்கி அறிய வேண்டியது. ஆங்கிலம் அவ்வாறு நம்மை விடாது. 'இஸ்' என்றோ 'வாஸ்' என்றோ சொல்லியாக வேண்டும். 'அன்பானவர்' என்பதனோடு 'வாஸ்' சேர்ந்தால், அவர் இப்பொழுது இல்லை என்பதே கேட்போர் முதலிற் கொள்ளும் பொருள்.

இவ்வேறுபாட்டின் கூர்மையை நான் 2018 ஜனவரியில் உணர்ந்தேன். 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக் கடற்பகுதியைத் தாக்கியபோது, கடலில் இருந்த மீனவர் பலர் கரை சேரவில்லை. எங்கள் பக்கத்து ஊர் அம்மையார் ஒருவரின் மகனும் அவர்களுள் ஒருவன். நடுவண் அரசின் அலுவலகம் ஒன்றிற்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதித் தருமாறு, அவர் தம் மருமகனுடன் என்னிடம் வந்தார்.

"சாரே, என் மகன் கடல்தொழிலாளி, வயது இருபத்தாறு" என்று தொடங்கினார். தமிழில் அதற்கு ஒரு குறையும் இல்லை. பேனாவை எடுத்த நான் முதல் வரியிலேயே நின்றேன். ஆங்கிலம் ஓரளவு அறிந்த மருமகன் என் தயக்கத்தைக் கண்டுகொண்டார். "'வாஸ்' என்றே எழுதுங்கள், சாரே. அவன் இருக்கிறான் என்று நாமே எழுதிக் கொடுத்தால் உதவித்தொகை எப்படிக் கிடைக்கும்?" என்றார்.

அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. ஏழாண்டுக் காலம் ஒருவரைப் பற்றி உற்றார் எவரும் ஒன்றும் கேள்வியுறாதிருந்தால், அவர் உயிரோடுள்ளார் என்பவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம் வகுத்த நெறி. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதனையே கைக்கொண்டுள்ளது. கடலையே நம்பிய குடும்பம் ஏழாண்டு எவ்வாறு காத்திருக்கும்?

"மருமகன் என்ன சொல்லுகிறார்?" என்று அம்மையார் கேட்டார். விளக்கினோம். "அவன் இருந்தான் என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. இறத்தல் என்னும் சொல்லுக்குக் கடத்தல் என்பதே பழம்பொருள் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்று அவரிடம் அதனைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சற்று நேரம் எண்ணிப் பார்த்தபின் எழுதத் தொடங்கினேன். பெயர், வயது, தொழில், படகின் பதிவெண் ஆகியவற்றை மேலே அட்டவணையாக அமைத்தேன். அட்டவணைக்கு வினை வேண்டுவதில்லை. கடலுக்குச் சென்ற நாளை இறந்த காலத்தில் எழுதினேன். அது முடிந்த செயல், எவர்க்கும் அதில் மறுப்பில்லை. திரும்பாமையைக் கூறும் வரிக்கு, 'பிரசன்ட் பெர்ஃபெக்ட்' என ஆங்கில இலக்கணத்தார் வழங்கும் அமைப்பைக் கொண்டேன். 'டிட் நாட் ரிடர்ன்' என்றால், திரும்பவில்லை, அச்செய்தி அங்கே முடிந்தது என்பது போல ஒலிக்கும். 'ஹாஸ் நாட் ரிடர்ன்ட்' என்றால், இந்த நொடிவரை திரும்பவில்லை என்பது பொருள். அடுத்த நொடியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அலுவலகம் அறிய வேண்டியதும் அவ்வளவே.

மருமகன் அதனை இருமுறை படித்துப் பார்த்துவிட்டு, "இது போதும்" என்றார். நான் விண்ணப்பத்தை வரிவரியாகத் தமிழிற் சொல்லிக் காட்டினேன். அம்மையார் இடையில் என்னை நிறுத்தி, "இன்றுவரை என்று இருக்கிறதல்லவா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். கண்ணாடியை முந்தானையால் துடைத்து அணிந்துகொண்டு, நான் காட்டிய இடத்தில் மெல்லக் கையொப்பமிட்டார்.