வண்டி எடுக்குமா?

எண்ணூர்க் கடற்கரையை ஒட்டிய தெருவொன்றில் குடியிருக்கும் நாங்கள், ஆறு ஆண்டுகளில் எங்கள் காருக்கு மூன்று பேட்டரிகள் வாங்கினோம். ஒவ்வொரு முறையும் நோய் ஒன்றுதான். காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒற்றைச் சத்தம் கேட்கும், பிறகு மௌனம். மருந்தும் ஒன்றுதான். கடைக்காரர் வருவார், "செல் போயிடுச்சு சார்" என்பார், புதியதை மாட்டிப் பழையதை எடுத்துச் செல்வார். வண்டி எடுக்கும். அதற்குமேல் கேள்வி கேட்க எங்களுக்குத் தோன்றியதில்லை.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில், பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து, தொண்டை அடைத்து எழுந்தோம். தெருவே வாசலுக்கு வந்திருந்தது. பலர் நடந்தும் கிடைத்த வண்டியில் ஏறியும் போய்க்கொண்டிருந்தார்கள். இளைப்பு நோயுள்ள அம்மாவால் நூறு அடி நடக்க முடியாது. அவரைக் காரில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினோம். டக்.

எதிர்வீட்டுத் தம்பி தன் குட்டியானையைக் கொண்டுவந்து நிறுத்தி ஜம்பர் கேபிளைப் போட்டார். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு, பேட்டரிக்குப் பேட்டரி. மீண்டும் டக். அப்போதும் ஹெட்லைட் பளீரென்று எரிந்துகொண்டிருந்ததை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. விடை எங்கள் கண்ணெதிரேயே எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அன்றிரவு அம்மா, முக்காட்டுத் துணியால் மூக்கை மூடிக்கொண்டு, குட்டியானையின் பின்புறம் மீன் கூடைகளுக்கு நடுவில் அமர்ந்து திருவொற்றியூர் போய்ச் சேர்ந்தார். மூச்சு சீராக விடியற்காலை ஆயிற்று.

மூன்றாவது பேட்டரி வாங்கி எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த மாதத் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயலின்மேல் பழி போட்டோம். தண்ணீர் வண்டியைத் தொடவில்லை என்றதும் பேட்டரியின்மேல் போட்டோம். நான்காவதை வாங்கக் கிளம்பியபோது, திருவொற்றியூர் உறவினர் ஒரு பெரியவரை அழைத்துவந்தார். வாகனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பொருத்தத் தொடங்கிய காலத்திலிருந்தே எஞ்சினின் மொழி தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவராவது வாழும் பகுதி இது. நாங்கள்தான் கேட்காமல் இருந்திருக்கிறோம்.

அவர் பையிலிருந்து எடுத்தது ஒரு மல்டிமீட்டர் மட்டுமே. பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தார். 12.4 வோல்ட். முழுதாக நிறைந்த ஈய அமில பேட்டரி, ஆறு செல்களும் சேர்ந்து 12.6 காட்டும்; ஒரு செல் செத்தால் பத்தரைக்கு இறங்கிவிடும். அப்படியானால் எங்கள் பேட்டரி கிட்டத்தட்ட முக்கால் பங்கு நிறைந்தே இருந்தது. "இப்ப சாவியப் போடு தம்பி" என்றார். டக். முள் அசையவே இல்லை என்று சொல்லலாம், 12.1. செல்ஃப் மோட்டார் இழுக்கும்போது வலுவிழந்த பேட்டரி ஒன்பதரைக்கும் கீழே போய்விடும்.

"பேட்டரிகிட்ட யாரும் கேக்கவே இல்லியே தம்பி. கேட்டாத்தான குடுக்கும்?"

பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை எஞ்சின் இரும்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். இவ்விரண்டும் ஒன்றாகவே இருக்கவேண்டிய இடங்கள். அரை வோல்ட்டுக்குமேல் வேறுபாடு வரக்கூடாது. பத்தைத் தாண்டியது. பேட்டரி கொடுத்த அத்தனையும் நடுவழியில் நின்றுபோயிருந்தது.

எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அதற்கும் வண்டியின் உடலுக்கும் மின்சார உறவு ஒரு செம்புப் பட்டையின் வழியாகத்தான். எர்த் பட்டை என்கிறார்கள். விளக்குகளுக்கு உடலே போதும். அதனால்தான் ஹெட்லைட் எரிந்தது. செல்ஃப் எஞ்சினோடு பொருத்தப்பட்டது; அதற்குப் பட்டை வேண்டும். அவர் கையை அடியில் விட்டு இழுத்தார். பச்சைப் பொடியாக உதிர்ந்தது. உப்புக் காற்று அதைப் பல ஆண்டுகளாகத் தின்றிருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். டைனமோவும் எஞ்சினோடுதான் இருக்கிறது. அது பேட்டரிக்கு ஊட்டும் மின்சாரமும் அதே பட்டை வழியாகவே திரும்பவேண்டும். பட்டை அரிக்க அரிக்கப் பேட்டரிக்குக் கிடைத்தது அரைவயிற்றுச் சோறு. அரைப்பட்டினியில் கிடக்கும் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஊட்டினாலும் ஏறாது. அப்படியென்றால் முதல் இரண்டு பேட்டரிகளும் தாமாகச் சாகவில்லை. நாங்கள் பட்டினி போட்டோம்.

புதிய பட்டை முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. அதை மாட்டுமுன் அவர் ஒரு வேடிக்கை காட்டினார். ஜம்பர் கேபிளின் கறுப்புக் கொக்கியைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் கடிக்கவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். வண்டி முதல் திருப்பிலேயே எடுத்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பேட்டரியருகே தீப்பொறி பறந்தால் அதன் ஹைட்ரஜன் வெடிக்கக்கூடும் என்பதால், கடைசிக் கொக்கியை எஞ்சின் இரும்பில் மாட்டவேண்டும் என்பதே முறை. அன்றிரவு அந்த முறைப்படி செய்திருந்தால், அந்தத் தெருவிலிருந்தே அம்மாவை மூடிய கண்ணாடிக்குள் அழைத்துச் சென்றிருப்போம். ஒரு முழம் தள்ளி மாட்டியிருக்கவேண்டும், அவ்வளவுதான்.

எதிர்வீட்டுத் தம்பியிடம் இதை நாங்கள் சொல்லவில்லை. அவர் நின்றதே பெரிது.

இப்போது மாதம் ஒருமுறை மைனஸை முதலில் கழற்றி, முனைகளை ஆப்ப சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து, மாட்டியபின் பெட்ரோலியம் ஜெல்லி தடவுகிறோம். பட்டையையும் டார்ச் அடித்துப் பார்க்கிறோம். குழாய்களைப் பற்றி எங்களால் செய்யக்கூடியது குறைவு; இது எங்கள் கையில் இருக்கிறது. அம்மா இன்னமும் படுக்கப்போகுமுன் கேட்கிறார்: "வண்டி எடுக்குமா?" அவருக்காக ஒருமுறை சாவியைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் கதவைத் தாழிடுகிறோம்.