அமுக்கமானியின் முன்னால்

வால்வினுள் நீரை நிரப்பி, காற்றை முற்றாக வெளியேற்றி, அது தாங்கவேண்டிய அமுக்கத்தின் ஒன்றரை மடங்குவரை ஏற்றிப் பார்ப்பதுதான் பட்டறையில் நான் முதலிற் கற்ற வேலை. நீர் அநேகமாகச் சுருங்குவதில்லை. உலோகம் பிளந்தால் அமுக்கம் உடனே வீழ்ந்துவிடும். அமுக்கிய காற்றோ வெடிமருந்துக்கு ஒப்பானது. ஒருநாள், நேரமில்லையென்று காற்றாலேயே சோதிக்கச் சொன்னார் மேற்பார்வையாளர். அருகில் நிற்கவேண்டியவர்கள் நாங்கள், அவரல்லர். மறுத்தேன். அரைநாட் சம்பளம் போயிற்று.

பின்னொருநாள் பிளிக்ஸ்பரோவைப் பற்றி வாசித்தேன். இங்கிலாந்தின் அவ் இரசாயன ஆலையில், 1974 இல், உற்பத்தி தடைப்படாதிருக்க அவசரமாக ஒரு மாற்றுக்குழாய் பொருத்தினார்கள். அதற்கிருந்த வரைபடம் பட்டறைத் தரையிற் சோக்கட்டியாற் கீறியது மட்டுமே! காப்பு வால்வு திறப்பது சதுர சென்ரிமீற்றருக்கு 11 கிலோகிராமில்; குழாயைச் சோதித்ததோ 9 வரைதான். ஜூன் 1 அன்று ஆலை வெடித்தது. மாண்டவர் 28 பேர். அவர்களுள் 18 பேர் கட்டுப்பாட்டறையில் இருந்தவர்கள்.