இலை தானே, ஒண்டும் செய்யாது

கீமோ எடுக்கிறவர் இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு வருவது எங்கட ஊர் வழக்கமில்லை. பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் எண்டு தெரிந்த கிழமையே பப்பாசி இலை, முள்ளுச்சீத்தா இலை, சீந்தில் கொடி எல்லாம் குசினிக்கு வந்துவிட்டன. கனடாவில இருந்து மஞ்சள் குளிசைப் போத்தலும் வந்தது. எல்லாரும் சொன்னது ஒரே வசனம்: "இலை தானே அக்கா, ஒண்டும் செய்யாது."

அந்த வசனம்தான் எங்களுக்கு இடறியது. ஒன்றும் செய்யாது என்றால் ஏன் குடிக்கவேணும்? ஏதோ செய்யும் என்றால், நரம்பில் ஏறுகிற மருந்தை மட்டும் ஒன்றும் செய்யாமல் விடுமா?

விடாது. மனச்சோர்வுக்கு ஐரோப்பாவில் எடுக்கிற செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் என்ற மூலிகையை இரினோடெக்கான் என்ற கீமோ மருந்தோடு கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் அந்த மருந்தின் வேலை செய்கிற வடிவம் 42 வீதம் குறைந்தது; 2002இல் வெளியான ஆய்வு அது. ஈரல் மருந்தை வேகமாகக் கழித்துவிடுகிறது. நோயாளிக்கு வித்தியாசம் தெரியாது, கட்டிக்குத்தான் தெரியும். சீந்திலோ, கொரோனாக் காலத்தில் மும்பையில் சிலரின் ஈரலையே பாதித்தது.

ஆனால் எல்லாம் வீண் என்று சொல்லவும் மனமில்லை. இஞ்சிக்கு நல்ல சாட்சி இருக்கு. 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 576 பேரை வைத்துப் பார்த்ததில், வழமையான வாந்தி மருந்தோடு ஒரு நாளைக்கு அரை முதல் ஒரு கிராம் இஞ்சி எடுத்தவர்களுக்கு கீமோ ஏத்தின முதல் நாள் ஓங்காளம் குறைந்திருந்தது.

நாங்கள் வந்த சாமான் எல்லாத்தையும் ஒரு கொப்பியில் எழுதினோம். என்ன பெயர், எவ்வளவு, எத்தனை தரம். கிளினிக்கில் டொக்டர் அதை வாசித்து, இஞ்சிப் பிளேன்ரீக்குச் சரி போட்டார். சீந்திலையும் மஞ்சள் குளிசையையும் வெட்டினார். கறிக்குப் போடுற மஞ்சள் வேற, செறிவாக்கிக் குளிசையில அடைச்ச மஞ்சள் வேற எண்டார். பச்சை இலைச் சாறும் வேண்டாமாம், வெள்ளை அணுக்கள் குறைஞ்சு இருக்கிற நேரத்தில கிருமி தொத்திவிடும்.

பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊசி அவை போடுகினம், சாப்பாடு நீங்கள் தாறியள். நான் எனக்கெண்டு என்னத்தைச் செய்யுறது?" எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை. எந்த ஆய்விலும் அவவுக்குப் பதில் கிடையாது. அந்தச் சாறு மருந்தோ இல்லையோ, தன் கையால் அரைத்துக் குடிக்கிறது அவவுக்கு ஒரு பிடிமானமாக இருந்தது. அதைப் பறிக்கிறவர்கள் அந்த இடத்தில் வேறு ஏதாவது வைக்கவேணும். "விஞ்ஞானம்" எண்டு மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போகேலாது.

பிறகு ஒரு பின்னேரம், அவவுக்கு ஏத்துகிற பக்லிடாக்செல் முதலில் பசிபிக் யூ என்ற மரத்தின்ர பட்டையில இருந்து எடுக்கப்பட்டது எண்டு சொன்னோம். கோயிலடியில் பூக்கிற நித்தியகல்யாணியில இருந்தும் ஒரு கீமோ மருந்து வருகுது, வின்கிரிஸ்டின் எண்டு. விறைத்துப்போன விரல் நுனிகளைத் தடவிக்கொண்டே கேட்டா:

"அப்ப இதுவும் பட்டைக் கசாயமோ? அதுதான் இந்தக் கொதி கொதிக்குது."

கொப்பி இப்ப அவவின்ர தலையணைக்குக் கீழே. போன கிளினிக்குக்குத் தானே எழுதிக்கொண்டு போன கேள்வி, பாகற்காய்க் கறி சாப்பிடலாமோ என்பது.