பனியில் நான்கு சக்கரம்

பனியைப் பற்றி எழுத இவளுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவள் நான். குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில் வெள்ளையாய்ப் படிந்திருக்குமே, அதுதான் எனக்குத் தெரிந்த பனி. மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் வழி ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் ஒரு பருவம் தங்கிப் படித்துவிட்டு வந்ததும், பனிமனிதன் செய்தாயா, சறுக்கி விளையாடினாயா என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். நான் அங்கே அதிகம் கற்றுக்கொண்டது வண்டியைப் பற்றி. இயந்திரவியல் மாணவி என்பதால் இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

நான் தங்கிய சப்போரோ, ஏறக்குறைய இருபது இலட்சம் பேர் வாழும் பெருநகரம். ஒரு குளிர்காலத்தில் அங்கே விழும் பனியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 5 மீட்டரை நெருங்கும். இவ்வளவு பனியிலும் பேருந்து ஓடுகிறது, அஞ்சல்காரர் வருகிறார், வகுப்பும் நடக்கிறது. (மழை பெய்தாலே காலை வகுப்புக்கு மட்டம் போடும் நம் நண்பர்கள் கவனிக்க.)

முன்பெல்லாம் அங்கே குளிர்காலத்தில் ஆணி பதித்த டயர்களைப் பயன்படுத்தினார்கள். ஆணி பனிக்கட்டியைப் பற்றிக்கொள்ளும். ஆனால் பனி இல்லாத இடத்தில் அதே ஆணி தார்ச்சாலையைச் சுரண்டித் தூசியைக் கிளப்பியது. அந்தத் தூசி மக்களின் மூச்சுக்குள் போனதால், 1990இல் சட்டம் போட்டு அவ்வகை டயர்களுக்குக் கடிவாளம் இட்டார்கள். இப்போது இருப்பது ஆணி இல்லாத பனிக்கால டயர். கடுங்குளிரிலும் இறுகிப்போகாத மென்மையான இரப்பரால் ஆனது. காற்று சுத்தமானது; சாலை வழுக்கத் தொடங்கியது. சமிக்ஞை விளக்கருகே நின்று கிளம்பும் வண்டிகளின் சக்கரங்கள் சுழன்று சுழன்று பனியைத் தேய்த்து, கண்ணாடி போல் ஆக்கிவிடுகின்றன. அதை அவ்வூரார் 'ட்சுரு ட்சுரு' என்கிறார்கள். நம் 'வழவழ' போலத்தான்.

அங்கே முதுகலை படித்துக்கொண்டிருந்த ஈப்போ அண்ணன் ஒருவர் பழைய சுசுகி ஜிம்னி வைத்திருந்தார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவுடன் என் கண்ணில் பட்டது, கியர் கம்பிக்கு அருகே இருந்த இன்னொரு சிறிய கம்பி. டூ எச், ஃபோர் எச், ஃபோர் எல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோட்டத்தில் அப்பா ஓட்டும் ஹைலக்ஸிலும் இதே மூன்றுதான். அந்தக் கம்பியைத் தொடக்கூடாது என்று திட்டு வாங்கியே வளர்ந்தவள் நான்.

அன்றிரவு அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் உடனே, "பாப்பா, சறுக்குற எடத்துல ஃபோர் எல் போடச் சொல்லு அந்தத் தம்பிய" என்றார். அவரைப் பொறுத்தவரை அது சரிதான். மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் பாதையில் சக்கரம் பாதியளவு புதைந்துவிடும். வண்டி மெதுவாக நகர வேண்டும், சக்கரத்துக்கு முறுக்குவிசை நிறைய வேண்டும். ஃபோர் எல் அதைத்தான் செய்கிறது.

பனிச்சாலையில் சிக்கலே வேறு. அங்கே முறுக்குவிசை போதாமல் வண்டி நிற்பதில்லை. இருக்கும் விசையையே டயரால் தரைக்குக் கடத்த முடியவில்லை. மேலும் விசை கொடுத்தால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலும், அடியில் உள்ள பனி உருகி மேலும் வழுக்கும். அதனால் சாதாரணப் பனிச்சாலைக்கு ஃபோர் எச் போதும். முதல் கியரைக்கூட விட்டுவிட்டு இரண்டாம் கியரில் மெல்லக் கிளம்புவார் அந்த அண்ணன். ஆய்வுக்கூடத் தோழி ஒருத்தியின் புதிய வண்டியில் 'ஸ்னோ' என்று ஒரு பொத்தான் இருந்தது. மிதியை அழுத்தினாலும் இயந்திரம் பொறுமையாகவே பதில் சொல்லும். உயர்ந்த கியரில் கிளம்பும். சுழலும் சக்கரத்தை மட்டும் கணினி பிரேக் பிடித்து, விசையை மறுபக்கச் சக்கரத்துக்கு அனுப்பும். அண்ணன் காலால் செய்வதைப் பொத்தான் செய்கிறது, அவ்வளவுதான். ஆழமான பனியில் சிக்கிக்கொண்டால் மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை அணைக்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டால், சக்கரம் சுழலும் ஒவ்வொரு முறையும் கணினி இயந்திரத்தின் மூச்சை அடக்கிவிடும். வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி வெளியே எடுக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. ஜிம்னி போன்ற வண்டிகளில் ஃபோர் எச் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்படும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட தூரம் ஓட வேண்டும். பனியில் டயர் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை. வண்டி முரண்டு பிடிக்கும், பற்சக்கரங்கள் தேயும். சப்போரோவில் சில மேடான சாலைகளுக்கு அடியில் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். அங்கே மட்டும் தார் தெரியும். அதைத் தாண்டினால் மறுபடியும் கண்ணாடி. அண்ணனின் இடக்கை அந்தச் சிறு கம்பியை விட்டு விலகியதே இல்லை.

தமிழ்ப்பள்ளியில் 'உராய்வு' என்று படித்தேன். இடைநிலைப்பள்ளியில் அது 'கெசெரான்' ஆனது. பல்கலைக்கழகத்தில் 'ஃபிரிக்‌ஷன்'. மூன்று சொல்லிலும் தேர்வு எழுதியிருக்கிறேன், ஒன்றிலும் பயந்ததில்லை. சப்போரோவில்தான் தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பயந்தேன். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி, காய்ந்த தாரில் பிரேக் பிடித்தால் சுமார் 9 மீட்டரில் நிற்கும். உராய்வுக் கெழு 0.1 ஆகிவிட்ட பனிக்கட்டியில் அதே வண்டிக்கு 60 மீட்டருக்கு மேல் வேண்டும். பிரேக் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. சுலபமாகக் கிளம்பிவிடுவதால், சாலை நன்றாக இருக்கிறது என்று ஓட்டுநருக்குத் தோன்றிவிடுகிறது. ஆபத்து அங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் நால்வர் டோயா ஏரியைப் பார்க்கப் புறப்பட்டோம். 230ஆம் எண் சாலையில், 835 மீட்டர் உயரத்தில் நகாயாமா கணவாயைக் கடக்க வேண்டும். ஏற ஏறப் பனி அடர்ந்தது. சாலையின் ஓரம் எது என்று காட்ட, மேலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் அம்புக்குறிகளை அங்கே நட்டிருக்கிறார்கள். முதலில் மூன்று அம்புகள் தெரிந்தன, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. கணவாயில் உள்ள ஓய்விடத்தில் நிறுத்தி, அந்த இடத்துக்குப் பேர்போன பொரித்த உருளைக்கிழங்கை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே வாதிட்டோம்.

"ஃபோர் வீல் இருக்கு, டயர் புதுசு, இன்னும் என்ன?" என்றான் நண்பன் ஒருவன். அவன் அடுத்த வாரமே நாடு திரும்புகிறவன். அவனுக்கு இது கடைசி வாய்ப்பு.

நான் 2013ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னேன். அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஹொக்கைடோவில் வீசிய பனிப்புயலில் ஒன்பது பேர் இறந்தார்கள். நகாஷிபெட்சு என்னும் ஊரில் ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் பனியில் புதைந்த வண்டிக்குள்ளேயே இறந்து கிடந்தார்கள். புகைக்குழாய் அடைபட்டு, நச்சுப்புகை உள்ளே வந்துவிட்டது. யூபெட்சுவில் ஒரு தந்தை, வண்டி பனியில் சிக்கியதால் மகளோடு இறங்கி நடந்திருக்கிறார். மறுநாள் காலை, மகளைத் தன் உடலால் மூடியபடி இறந்துகிடந்தார். ஒன்பது வயது மகள் பிழைத்துக்கொண்டாள். இதைப் படித்த நாளிலிருந்து, தோட்டத்தில் ஹைலக்ஸ் ஓட்டும் ஒருவரின் முகம்தான் எனக்கு நினைவில் வந்துகொண்டிருந்தது. அதை அங்கே நான் சொல்லவில்லை.

அண்ணன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு புகைக்குழாயைச் சுற்றியிருந்த பனியைக் காலால் தள்ளிவிட்டு, வண்டியைச் சப்போரோ பக்கம் திருப்பினார். ஃபோர் எச், இரண்டாம் கியர். பிரேக்கை அதிகம் தொடாமல், இயந்திரத்தின் பிடியிலேயே இறக்கினார். அந்தப் பிடி நான்கு சக்கரங்களுக்கும் பகிரப்படுவதால், பின்பக்கம் திடீரென்று விலகிப்போகவில்லை. இறங்கும்போதுதான் அந்தச் சிறு கம்பியின் அருமை எனக்கு முழுதாய்த் தெரிந்தது.

அன்று மாலை கணவாய்ச் சாலையை மூடவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த பல வண்டிகள் ஏரிக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். நண்பன் வழிநெடுக என்னோடு பேசவில்லை. நாடு திரும்பிய பிறகு படம் அனுப்பினான், யாரோ எடுத்த டோயா ஏரியின் படம். நான் ஒரு சிரிப்புப் பொம்மையைப் பதிலாக அனுப்பினேன். அப்பாவிடம் மட்டும் முழுக்கதையையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கெழங்கு எவ்ளோ?" என்றார்.